காத்தாடி நடுவதற்கு முன்

பல்லடத்திலிருந்து தெற்கே உடுமலைப் பக்கம் போகிறவர்களுக்குக் காத்தாடிகளை எண்ணும் ஆசை சீக்கிரமே விட்டுப்போகும். அத்தனை நிற்கின்றன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டு தலைமுறை தெரியும். ஒன்று, தென்னந்தோப்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு படபடவென்று சுற்றும் குட்டை இயந்திரம். தொண்ணூறுகளில் நட்டது, 225 கிலோவாட், 250 கிலோவாட் வகை. இன்னொன்று, அதைவிட மூன்று நான்கு மடங்கு உயரத்தில், அவசரமே இல்லாமல் இறக்கையைத் திருப்பும் பெரிய இயந்திரம். 2 மெகாவாட்டும் அதற்கு மேலும். உயரத்தை யாரும் பார்த்துவிடலாம். பார்வைக்கு அகப்படாத வித்தியாசம் வேறொன்று: அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன்னால் யார் என்ன கேட்டார்கள், எதை அளந்தார்கள் என்பது. இந்த 30 ஆண்டுகளில் இயந்திரம் மாறியதைவிட அந்தக் கேள்விகள் மாறிய கதைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

காற்று எங்களுக்குப் புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாசல். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் கோவை, பல்லடம், உடுமலைச் சமவெளிக்குள் நுழைகிறது. மழையை எல்லாம் கேரளத்திலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது என்று விவசாயிகளுக்கு அதன்மேல் ஒரு மனக்குறை உண்டு. ஆனி, ஆடியில் அது எந்தத் திசையில் அடிக்கும், சோளத்தட்டுப் போரை எப்படிப் போட்டால் சாயாது, கூரை எந்த மூலையில் முதலில் பிய்யும் என்பதெல்லாம் காட்டுக்காரருக்கு அத்துப்படி. அவரிடம் இல்லாதது வேகத்தின் கணக்கு. மின்சாரத்துக்கோ அந்தக் கணக்குதான் எல்லாம். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், குறையும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றையும் 6 மீட்டர் வீசும் காற்றையும் முகத்தில் வாங்கி வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. மும்மடிக் கணக்கிலோ முதலாவது 125, இரண்டாவது 216. ஐந்தை ஆறு என்று எழுதிவிட்டவருக்கு, எதிர்பார்த்த சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றோடு போய்விடும்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் கொடுத்தவர் அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய காற்று வேலை சூடு பிடித்தது. வானிலை நிலையங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பதிவுகளைத் தொகுத்து 1983-இல் புத்தகமாக்கினார். ஆனால் அந்த நிலையங்கள் வானிலைக்காக வைத்தவை. பல ஊருக்குள்ளும் விமான நிலையங்களிலும் இருந்தன. அதனால் கணவாய்களிலும் கடற்கரைகளிலும் மேட்டு நிலங்களிலும் காற்றுக்கென்றே கம்பம் நட்டு அளக்கும் பெரிய வேலை அவர் தலைமையில் தொடங்கியது. இருபது, இருபத்தைந்து மீட்டர் உயரக் கம்பம், அதில் இரண்டு உயரங்களில் சுழலும் கிண்ணங்கள், திசை காட்டும் தகடு. ஒரு வருடமாவது இரவும் பகலும் பதிய வேண்டும். ஆடியில் மட்டும் அளந்தால் ஆடியின் கணக்குதான் வரும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எங்கள் கிராமங்களிலும் அந்தக் கம்பங்கள் நின்றன. 1990 முதல் முடிவுகள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன.

அந்தத் தொகுதிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நல்ல காற்றுள்ள இடங்களைத்தான் சொல்வார்கள். நான் மதிப்பது மற்ற பக்கங்களை. நாடு முழுக்க அளந்த இடங்களில் பெரும்பாலானவை தேறவில்லை. இங்கே நடாதே என்று முதலீட்டுக்கு முன்பே சொல்வதற்கு ஒரு கம்பமும் ஒரு வருடமும்தான் செலவாயின. நட்ட பிறகு அதே செய்தியைக் கேட்டால் விலை கோடிகளில்.

அரசும் அந்த வரிசையில்தான் நடந்தது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்து ஒரு சிறிய மாதிரிப் பண்ணை போட்டார்கள். அளவு சிறியது, நோக்கம் கற்றுக்கொள்வது. பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று தெற்கே பரவி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காகக் கோவை வட்டாரத்துக்கும் வந்தது. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

தனியார் வந்ததும் கதை வேறு. கொங்கு நாட்டில் மின்சாரம் எப்போதுமே ஒரு கச்சாப் பொருள். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்தபடி பணத்தை இழுக்கும் இனங்களில் மின்கட்டணமும் ஒன்று. பல்லடத்துத் தறிக்கும் அதே கதி. ஆகவே சொந்தமாக மின்சாரம் என்றதும் மில்காரர்கள் காது கொடுத்துக் கேட்டது நியாயம். ஆனால் தொண்ணூறுகளில் அவர்களைக் காத்தாடிப் பக்கம் திருப்பியது மின்கட்டணம் மட்டுமில்லை; ஆடிட்டரும்தான். காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. மில்லில் லாபம் நன்றாக இருக்கும் வருடம், வரியாகக் கட்ட வேண்டிய பணத்தில் ஒரு பெரும் பங்கு காத்தாடியாகக் காட்டில் நிற்கும்.

அதிலும் ஒரு நுணுக்கம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானம்தான். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் ஓட்டிவிட வேண்டும். அது தவறினால் பாதியாவது கிடைக்க மார்ச் 31-க்குள். காற்று வருவதோ மே மாதத்தில். காற்றுக்காலம் முடியும் நேரத்தில் ஓர் அவசரம், தொடங்குவதற்கு முன் ஓர் அவசரம். இரண்டையும் நிர்ணயித்தது வரிக் காலண்டர். இந்த அவசரத்துக்குள் ஒரு வருடம் கம்பம் நட்டு அளக்க யாருக்குப் பொறுமை? பக்கத்துக் காட்டில் ஏற்கெனவே ஒன்று சுற்றினால் அதுவே ஆய்வாக எடுத்துக்கொள்ளப்பட்டது. திட்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும். வங்கிக்குக் கொடுக்கவென்றே, இயந்திரம் விற்கிறவர் தரும் கணக்கை வைத்துத் தட்டச்சு செய்தது. விற்பவரே வருடத்துக்கு இத்தனை லட்சம் யூனிட் வரும் என்று எழுதித் தர, வாங்குபவர் அதை நம்புவதாகக் கையெழுத்திட, கடன் கிடைத்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் தேவையான பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வேண்டாம் என்ற பதிலுக்கு அதில் இடமே இல்லை.

டெல்லியில் இது கவனத்துக்கு வந்தது. 1995 ஜூலையில் அன்றைய மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது: விரிவான திட்ட அறிக்கை வேண்டும், எந்த இயந்திரம் எந்த இடத்தில் நிற்கும் என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும், தரச் சான்று பெற்ற இயந்திரமாக இருக்க வேண்டும் என்று. முன் ஆய்வு செய்யாமலே ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்கு ஆய்வைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச வரி வந்து, வரிச்சலுகையின் ருசியும் குறைந்தது. காத்தாடி நடுவது சட்டென்று படுத்துவிட்டது. காற்று மாறவில்லை, கணவாய் அங்கேயேதான் இருந்தது. நட்டதற்கான காரணம் எது என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அந்தக் கால இயந்திரங்களில் நன்றாக ஓடியவையும் உண்டு, ஏங்கி நின்றவையும் உண்டு. முன் வரிசை இயந்திரம் காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டுதான் மிச்சத்தைப் பின்னால் விடும். நெருக்கி நட்ட இடங்களில் பின் வரிசைக்காரருக்கு மிச்சம்தான். தயாரித்த கம்பெனியே தொழிலை விட்டுப் போய் உதிரிபாகத்துக்கு அலைந்தவர்கள் இருந்தார்கள். இன்னொன்று யாரும் நினைக்காதது. நட்டபோது சுற்றிலும் மானாவாரிக் காடும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலமும், இடையில் நாலு வெள்வேல மரமும். பிறகு ஆயிரம் அடிக்கு போர்வெல் இறக்கினார்கள், தென்னை வந்தது, கோழிப் பண்ணை வந்தது, வீட்டுமனை வந்தது. 30 மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்கும் இயந்திரத்துக்கு 20 மீட்டர் தென்னந்தோப்பு சும்மா இல்லை. மேடு பள்ளமில்லாத வெட்டவெளி என்று பார்த்து நட்ட இடம், இயந்திரத்தின் ஆயுள் முடிவதற்குள் வேறு இடமாகிவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரிக்காக நட்டவர்களில் பலருக்குப் பின்னால் யோகம் அடித்தது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு வந்து நாலைந்து வருடம் தொழிலை உலுக்கியபோது, சொந்தக் காத்தாடி வைத்திருந்த ஆலைகள் மற்றவர்களைவிட மூச்சு விட்டன. காற்றுக்காலத்தில் மிச்சமான யூனிட்டை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் ஏற்பாடு அவர்களுக்குக் கை கொடுத்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த வாசகம் இருந்திருக்காது. தப்பான காரணத்துக்காகச் செய்தது சரியாக வந்தது. அதை முன்யோசனை என்று இப்போது பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இதற்கு நேர் எதிரான கதை பல்லடத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு டேங்கர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் போதாமல், பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் தீட்டப்பட்டது. 1995-இல் அதற்கென்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். தனியார் பங்கேற்பில் இந்தியாவில் முதலில் வந்த பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. செலவு 1,000 கோடி ரூபாய்க்குக் குறையாது. ஆய்வுக்கு ஆள் பஞ்சமில்லை, ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். தண்ணீர் இருக்கிறதா, குழாய் எந்த வழி, பட்டறைகள் என்ன விலை கொடுக்கும் என்று எல்லாம் பார்த்தார்கள். தண்ணீரும் வந்தது. ஆனால் பெரிய விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் சாயத் தொழில்தான். அந்தத் தொழில் நொய்யல் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு ஒருநாள் கணக்குக் கேட்பார்கள் என்பது ஏட்டில் உரிய இடம் பெறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற முறைக்கு மாறித் திறந்தபோது, பட்டறைகள் பயன்படுத்திய தண்ணீரையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தின. புதுத் தண்ணீருக்கான தேவை சுருங்கிவிட்டது. அதே ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி விவசாயிகள் வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஊரில் இது எதிர்பாராதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு வருவோம். அளக்கும் கலையில் ஆச்சரியமான முன்னேற்றம். கம்பம் 100 மீட்டர், 120 மீட்டர். கம்பமே இல்லாமல் தரையில் ஒரு பெட்டியை வைத்து, மேலே லேசர் ஒளியை அனுப்பி 200 மீட்டர் உயரம் வரை காற்றைப் படிக்கும் லைடார் கருவி வந்துவிட்டது. ஓரிரு வருட அளவை, செயற்கைக்கோள் பதிவுகளும் சேர்ந்த பல பத்தாண்டுத் தரவோடு ஒட்டிப் பார்த்து, நாம் அளந்த வருடம் நல்ல வருடமா மோசமான வருடமா என்று திருத்துகிறார்கள். சென்னையில் 1998-இல் தொடங்கிய மையம்தான் இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம். உயரம் கூடக் கூட அதன் கணக்கும் ஏறிக்கொண்டே வந்தது: தமிழ்நாட்டின் காற்று வளம் 100 மீட்டர் உயரத்தில் சுமார் 34,000 மெகாவாட், 120 மீட்டரில் சுமார் 69,000, 150 மீட்டரில் 95,000. அதே மாநிலம், அதே காற்று. எத்தனை உயரத்தில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில்.

வங்கியும் மாறிவிட்டது. விற்பவர் தரும் ஒற்றை எண் இப்போது செல்லாது. சுதந்திரமான ஆலோசகர் பி-50, பி-90 என்று இரண்டு எண்களாவது எழுதித் தர வேண்டும். முதலாவதை உற்பத்தி தாண்டவும் தவறவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாவதைத் தாண்டப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு; அது சிறிய எண். முதலீட்டாளர் மனதில் முதல் எண்ணை வைத்திருப்பார், கடன் கொடுப்பவர் இரண்டாவதைப் பார்த்துத்தான் பணத்தை அவிழ்ப்பார். பென்ட் ஃப்ளைவ்பியர்க் என்ற டென்மார்க்காரர் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பெருந்திட்டங்களைச் சேர்த்து வைத்து, எதில் செலவு மதிப்பீட்டை எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தவர். அவர் பட்டியலில் அணையும் அணுமின் நிலையமும் மோசமான பக்கத்தில். காற்றாலையும் சூரிய மின்சாரமும் நல்ல பக்கத்தில். ஒரே மாதிரித் துண்டுகளைத் திரும்பத் திரும்ப நடுவதால் செலவில் அதிர்ச்சி குறைவு. எங்கள் பக்கத்து அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. காத்தாடியில் செலவு யாரையும் ஏமாற்றியதில்லை, ஏமாற்றியது வரவு. அதனால் வரவை இவ்வளவு கறாராக அளப்பது சரியான இடத்தில் போட்ட உழைப்பு.

ஆனால் காற்று அளந்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. தொண்ணூறுகளில் காற்றுதான் சந்தேகம், மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது மனநிலை. இன்று காற்றில் சந்தேகம் குறைவு, மற்றதில்தான் எல்லாம். துணைமின் நிலையத்தில் இடம் இருக்கிறதா? காற்று பலமாக அடிக்கும் ஜூலையில் உற்பத்தி அத்தனையையும் கம்பி தாங்குமா, இல்லை நிறுத்திவை என்று உத்தரவு வருமா? 60 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிக்கொண்டு வரும் லாரி கிராமத்துத் திருப்பத்தில் திரும்புமா? அதற்கென்றே சாலை ஆய்வு நடக்கிறது. எந்த மரக்கிளை, எந்த மின்கம்பம், யார் வீட்டுத் திண்ணை என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். குடியிருப்பிலிருந்து 500 மீட்டராவது தள்ளி நட வேண்டும் என்ற விதியும் உண்டு. வீடுகள் காட்டுக்குள் தனித்தனியாகத் தோட்டத்துச் சாளைகளாக இருக்கும் கொங்குப் பகுதியில் இந்த 500 மீட்டர் எத்தனை இடத்தை அடித்துவிடும் என்பது வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, பழைய குட்டை இயந்திரங்களை என்ன செய்வது என்பது. நல்ல காற்றுள்ள இடங்களை முதலில் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். சிறந்த இடத்தில் பழைய இயந்திரம், அதற்கடுத்த இடத்தில் புதியது என்பதுதான் இன்றைய நிலை. பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நடுவதற்கு மத்திய அரசு 2016-இல் ஒரு கொள்கையும் 2023 டிசம்பரில் திருத்திய கொள்கையும் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024-இல் தன் கொள்கையை வெளியிட்டது. ஏட்டளவில் எல்லாருக்கும் லாபம்.

காட்டில் இறங்கினால் கணக்கு இப்படி. காத்தாடிகளுக்கு இடையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல ஒரு பக்கம் 5 மடங்கும் மறு பக்கம் 7 மடங்கும் இடைவெளி விடுவது நெடுநாளைய வழக்கு. 27 மீட்டர் விட்டமுள்ள பழைய இயந்திரத்துக்கு அது 6 ஏக்கர் சொச்சம். 120 மீட்டர் விட்டமுள்ள புதியதற்குச் சுமார் 125 ஏக்கர். நிலம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை, அடியில் வெள்ளாமை நடக்கலாம். ஆனால் அந்தப் பரப்புக்குள் வேறு காத்தாடி நிற்கக்கூடாது. நிற்கிறதே! ஒன்று கோவை மில்லுக்குச் சொந்தம், ஒன்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, ஒன்று மும்பையில் இருக்கும் யாருக்கோ. தேய்மானத்துக்காக ஆளுக்கொன்றாக வாங்கியதன் பலன் இது. ஒவ்வொருவரிடமும் அடியில் இருக்கும் துண்டு நிலத்தின் கிரயப் பத்திரம் தனி, மின்வாரிய ஒப்பந்தம் தனி, பேங்கிங் சலுகை தனி. அத்தனை பேரும் பழையதை எடுக்கச் சம்மதித்தால்தான் ஒரு பெரிய இயந்திரத்துக்கு வழி. அதில் யாருக்கு எத்தனை பங்கு? பழையதற்கு இருந்த சலுகை புதியதற்கும் தொடருமா? இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் போகும் ஒரு காற்றுக்காலத்தின் நஷ்டம் யார் தலையில்?

லைடார் இந்தக் கேள்விகளைப் படிக்காது. நான் பார்த்த வரையில் திட்ட அறிக்கைகளில் காற்றுக்கு நூறு பக்கமும் வரைபடமும் இருக்கும். உரிமையாளர்களுக்கு இடர்ப்பாடு என்ற தலைப்பில் ஒரு பத்தி. அன்னா மாணி கம்பத்துக்குக் கொடுத்த ஒரு வருடத்தை யாராவது இந்த உரிமையாளர்களோடு உட்காருவதற்குக் கொடுத்தால் நிலைமை மாறலாம். ஊரில் கிணற்றுத் தண்ணீரைப் பங்கு முறை வைத்து இறைத்துக்கொண்ட பழக்கம் இங்கே இருந்ததுதான். பங்காளிகள் பேசிக்கொள்ளாத வீட்டிலும் முறை தவறியதில்லை. காத்தாடிப் பங்குக்கு அப்படி ஒரு வழக்கம் இன்னும் உருவாகவில்லை.

இப்போதைக்கு நடப்பது என்னவென்றால், பழைய இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்து, கியர் பாக்ஸை மாற்றி, ஆயிலை மாற்றி, இன்னும் ஐந்து வருடம் ஓடட்டும் என்று விடுவது. அதற்குக் காற்று ஆய்வு வேண்டாம், பக்கத்துக் காத்தாடிக்காரரின் சம்மதமும் வேண்டாம். கடன் எப்போதோ அடைந்துவிட்டதால் வருகிற யூனிட் எல்லாம் லாபம்தான். தன் ஒற்றைக் காத்தாடிக்கு முன்னால் நிற்கும் உரிமையாளரின் கணக்கில் இது புத்திசாலித்தனம். 125 ஏக்கரையும் சேர்த்துக் கணக்குப் போட இன்னும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.